அரைவாசி வீட்டின் வடக்குச் சுவர்

16.02.2025, ஞாயிறு, காலை 9.20

வடக்குச் சுவர்: ஏழு வரிசைக் கல். போன கிழமை ஐந்து.

கண் பிழையில்லை. போன கிழமை எடுத்த காட்சியைப் போனில் போட்டுப் பார்த்தேன். யூலிற்றா அக்கா அகப்பையோடு நின்று நாடகப் புருசனை ஏசுகிறா. பின்னால் சுவர் அவவின் இடுப்பளவு. இன்றைக்கு அதே சண்டையின் மிச்சத்தை எடுக்க வேண்டும். சுவர் தோளுக்கு வந்துவிட்டது. ஒரு சண்டை முடிவதற்குள் சுவர் வளருமா?

நாலு வருடமாக ஓடுகிற நாடகம். பெயர் “அரைவாசி வீடு”. வவுனியாவில் ஒரு கேபிள் சனலிலும் யூரியூப்பிலும் போகிறது. கதை ஒரே வரி: சிற்றம்பலம் என்றொரு வாய்க்காரன், தொடங்கிய வீட்டை முடிக்கவே மாட்டான். நடிப்பெல்லாம் பொய், வீடு மட்டும் நிசம். மாங்குளத்தில் தங்கராசா அண்ணை, அவர் மனிசி மீனம்மா அக்கா இருவருடையது. வீட்டுத்திட்டக் காசு இடையில் நின்றுபோக, மூன்று பக்கம் முழுச் சுவர், வடக்குப் பக்கம் அரைச் சுவர், மேலே வானம் என்று அப்படியே நின்றது. நாடகத்தை எழுதி இயக்குகிற செல்வநாயகம் சேர் கண்டார், வாடகைக்குப் பிடித்தார். குடும்பம் பின்னால் தகரக் கொட்டிலில்.

சுவரை வளர்த்தது யார்? சிற்றம்பலமேதான்! அதாவது, சிற்றம்பலமாக நடிக்கிற பொன்னையா அண்ணை. ஆள் மேசன். நாடகத்தில் ஒரு கல்லும் வைக்காத மனிசனுக்கு, நிசத்தில் அரைகுறைச் சுவரைக் கண்டால் சோறு இறங்காது.

“நேற்றுப் பின்னேரம் சும்மா வந்தனான் தம்பி. கல்லும் கிடந்தது, சீமெந்தும் கிடந்தது. கை கேக்குதில்லை.”

கமரா, ஒலி, எடிற்றிங் மூன்றும் நான். பொறுப்பும் என்னுடையது. சாந்து இன்னும் பச்சை. இரண்டு வரிசையையும் கழற்றச் சொல்லப் போகிறேன்.

அதே நாள், பின்னேரம்

சொன்னேன். பொன்னையா அண்ணை, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கழற்றச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். சேர் என் பக்கம். ஆனால் அவருடைய காரணம் வேறு. வீடு முடிந்தால் நாடகம் முடிந்தது என்ற பயம் அவருக்கு.

மீனம்மா அக்கா தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தார். சின்ன வயதில் மலையகத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். இத்தனை வருடம் கழித்தும் அவர் பேச்சில் அந்தத் தேயிலைப் பக்கம் போகவில்லை.

“எதுக்குத் தம்பி செவுத்தக் கழட்டணும்?”

விளக்கினேன். போன கிழமைச் சுவரும் இந்தக் கிழமைச் சுவரும் ஒரே உயரமாக இருந்தால்தான் பார்க்கிற ஆட்கள் நம்புவார்கள் என்று. கவனமாகக் கேட்டார். தட்டத்தைக் கீழே வைத்தார். வெறும் பீப்பாய்ப் பரல் ஒன்றைக் கவிழ்த்து அதில் ஏறி, அங்கிருந்து சுவரில் ஏறி, உட்கார்ந்துவிட்டார்.

“இப்பக் கழட்டுங்க.”

யாரும் கிட்டப் போகவில்லை.

“வைகாசியில எம் மக சிவரூபிக்குக் கல்யாணம். இந்த வீட்லதான் நடக்கணும். கூரைக்குக் கீழ. தகரக் கொட்டில்ல வச்சு அவளை நான் அனுப்ப மாட்டேன். ஒங்க நாடகத்துக்கு ஒடஞ்ச செவுரு வேணும்னா வேற எங்கயாவது போய்த் தேடுங்க.”

பொன்னையா அண்ணை தலையில் கை வைத்தார். “ஐயோ அக்கா, ஆடாதேங்கோ! சாந்து காயேல்லை!”

உடனே அசையாமல் இருந்தார். இரண்டு கையும் மடியில், முகம் நேரே. பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கிற மாதிரி.

வெயில் ஏறிக்கொண்டு போனது. அவரை விட்டுவிட்டு எடுக்கச் சொன்னார் சேர். எப்படி? சுவர் வருகிற இடமெல்லாம் அவரும் வருகிறார்! “சரி எடு. மிச்சத்தை எடிற்றிங்கில பாப்பம்.” நாலு வருடமாக இதே வசனம். ‘பாப்பம்’ என்றால் நான் தனிய இருந்து பார்ப்பது.

எடுத்தோம். பொன்னையா அண்ணை நெஞ்சை நிமிர்த்தி: “வாற கிழமை கூரை போடுறன் பார்!”

மேலேயிருந்து, அசையாமல்: “போன வாரமும் இதத்தான் சொன்னாரு.”

அது வசனத்தில் இல்லை. யூலிற்றா அக்கா ஒரு செக்கனும் தடுமாறவில்லை. அகப்பையை மேலே நீட்டினா. “கேட்டியளோ அக்கா! கலியாணம் கட்டின நாள் தொடக்கம் உதுதான் கதை!”

“மொகத்தப் பாத்தாலே தெரியுதே. நீ எப்புடிம்மா ஏமாந்த?”

இரண்டு பெண்களுமாகச் சேர்ந்து சிற்றம்பலத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். சேர் ‘கட்’ சொல்லவே இல்லை. வாய் திறந்தபடி நின்றார். ஹெட்போனில் பன்றி உறுமுகிற மாதிரி ஒரு அடக்கின சிரிப்பு. எவன்டா ஒலியைப் பழுதாக்குகிறான் என்று திரும்பிப் பார்த்தால், நான்தான்.

சாந்து நன்றாக இறுகின பிறகுதான் மனிசி இறங்கினார். கெட்டிக்காரி.

19.02, புதன்

பகல் முழுக்கக் கிளிநொச்சியில் ஒரு அரிசி ஆலைக்குச் சிசிரிவி கமரா பூட்டிவிட்டு, வந்து எடிற்றிங். எங்கள் ஆட்களை யார் கையிலாவது ஒப்படைக்க வேண்டி வந்தால், அவனுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும்:

யூலிற்றா அக்கா முல்லைத்தீவுக் கரை. நாடகத்தில் ஊரே அதிரக் கத்துகிற ஆள், நேரில் காதோடு காதாகத்தான் கதைப்பா. ஆனால் மீன்காரனின் கோர்ண் சத்தம் கேட்டால், எந்தக் காட்சியென்றாலும் விட்டுவிட்டுப் போய்விடுவா. வாங்குவதற்கு அல்ல, செவுளைத் தூக்கிப் பார்த்து அவனை ஏசுவதற்கு. மீன்காரன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு றோட்டால் போகிறான்.

மகனாக வருகிற டினோஜன், அழச் சொன்னால் சிரிப்பான். கிளிசரின் போட்டால் கண்ணீரோடு சிரிப்பான். அதனால் நாலு வருடமாக அவனுக்கு முதுகுப் பக்கத்தாலேயே துக்கம்.

மயில். பெயர் தெரியாத ஒன்று. ‘அக்சன்’ என்றதும் அகவும். ‘கட்’ என்றதும் வாயைப் பொத்திக்கொள்ளும்.

பின்னணிச் சிரிப்பு நான் ஒரு பாடசாலை விழாவில் பதிவு செய்தது. நடுவில் யாரோ இருமியிருக்கிறார். வெட்டினால் சிரிப்பும் போகிறது. அந்த இருமலுக்குத் தனி ரசிகர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் காட்சிக்கு அந்தச் சிரிப்பைப் போடவில்லை. தேவைப்படவில்லை. சுவரைப் பற்றி ஒன்றும் செய்யவில்லை. முதல் பாதியில் ஐந்து, இரண்டாம் பாதியில் ஏழு. திட்டட்டும்.

24.02, திங்கள்

திட்டவில்லை! ஐயோ, திட்டவே இல்லை! நேற்று இரவு ஏழரைக்குப் போட்டது. இதுவரை எங்களுடைய ஒன்றையும் இவ்வளவு பேர் பார்த்ததில்லை. கீழே ஒருவர்: “சுவர் இரண்டு வரிசை ஏறியிருக்கு, கவனிச்சனீங்களோ?” அதற்குக் கீழே முப்பது பேர் கல்லை எண்ணிச் சண்டை. கனடாவிலிருந்து ஒரு ஆள்: “மேலே இருக்கிற அம்மா யார்? அவவை இறக்க வேண்டாம்.”

சேர் மூன்று தரம் போன் எடுத்தார். ஒவ்வொரு தரமும் வேறு வேறு விதமாகக் குழம்பியிருந்தார்.

02.03, ஞாயிறு

மீனம்மா அக்கா நடிக்கச் சம்மதம். ஒரு நிபந்தனை. படம் எடுக்கிற ஒவ்வொரு நாளும் சுவர் ஒரு வரிசை ஏற வேண்டும். கமராவுக்கு முன்னால், பொன்னையா அண்ணையின் கையால்.

சேர் ஓம் என்றார். முகத்தில் உயிரில்லை.

பொன்னையா அண்ணைக்கு இப்போது ஒரு கஷ்டம். சிற்றம்பலம் கல் வைக்கத் தெரியாதவன். ஆகவே பிழையாக வைப்பது போல் நடித்துக்கொண்டு சரியாக வைக்க வேண்டும். மனிசனுக்கு வேர்த்துக் கொட்டியது. “தம்பி, இதைவிட ஒரு மாடி கட்டலாம்.”

16.03, ஞாயிறு

ஓமந்தையிலிருந்து ஒருவர் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் யன்னல் நிலை ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். தன் வீட்டில் மிஞ்சியதாம். நாடகத்துக்கு இல்லை, மீனம்மாவுக்கு என்று தெளிவாகச் சொன்னார். ஆனால் யன்னல் பூட்டுகிற காட்சியில் தானும் நிற்க வேண்டுமாம். வசனம் வேண்டாம் என்றார். கமரா ஓடத் தொடங்கியதும், “இந்த யன்னல் என்னுடையது” என்று செய்தி வாசிக்கிற குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படியே வைத்திருக்கிறேன்.

23.03, ஞாயிறு

சேரோடு வாய்க் கொழுவல். சனல்காரர் கேட்டார்களாம், கூரை போட்ட பிறகு என்ன காட்டப் போகிறீர்கள் என்று. சேர் பள்ளிக்கூடத்தில் நாடகம் பழக்கி ஓய்வுபெற்றவர். இந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லாவிட்டால் ஆள் என்ன செய்வார்? தெரிந்துதான் கதைத்தேன். ஆனாலும் கதைத்தேன்.

“வீடு முடிஞ்சா நாடகம் முடிஞ்சுது வினோதன். முடிஞ்ச வீட்டில என்ன பகிடி இருக்கு?”

“எங்கட வீடு முடிஞ்சு எட்டு வருசம் சேர். ஒரு நாள் வந்து இருந்து பாருங்கோ.”

சிரிக்கவில்லை. “அப்பிடி என்ன நடக்குது?” என்று கேட்டார். அப்பா மலசலகூடத்துக்குப் பூட்டுப் போட்டு, திறப்பைத் தொலைத்த கதையைச் சொன்னேன். கொப்பியை எடுத்து எழுதினார்.

13.04, ஞாயிறு

கடைசி வரிசை. நாளைக்கு வருசப்பிறப்பு. மீனம்மா அக்கா எல்லோருக்கும் பலகாரம் தந்தார். இவ்வளவு உயரத்துக்கு இனி ஏற முடியாது என்று அவருக்குக் கவலை. டினோஜன் ஏணி கொண்டுவந்தான். ஏறிவிட்டார்!

27.04, ஞாயிறு

சனியன் பிடிச்ச நாள்.

கூரை மரம் ஏற்றுவதற்கு முதல் பொன்னையா அண்ணை தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். சுவர் ஒரு இடத்தில் வெளியே தள்ளி நிற்கிறது. ஏழாவது வரிசை. மனிசி பச்சைச் சாந்தில் இருந்த இடம்.

“இடிக்க வேணும். ஏழிலயிருந்து மேல எல்லாம்.”

எனக்கு விசர் வந்திட்டுது. கலியாணத்துக்கு ஆறு கிழமை இருக்கு! கமரா பூட்டேக்க மட்டம் பாக்கிற என்ர லேசரை வச்சுப் பாத்தன். அரை இஞ்சிதான். மரம் ஏத்த ஒரு பயமும் இல்லை, கண்ணுக்கும் தெரியாது எண்டு சொன்னன்.

“என்ர கண்ணுக்குத் தெரியுது.”

“அண்ணை, நான் கமராவைக் கொஞ்சம் சரிச்சு வைக்கிறன். நேராத் தெரியும்.”

“நீ கமராவைச் சரிப்பாய். மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்தா அவையளையும் சரிச்சு வைப்பியோ?”

பெரிய சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டார். நான் சுவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். கையை விரித்துக்கொண்டு! பெப்ரவரியில் இதே சுவரைக் கழற்றச் சொன்ன நான்! டினோஜன் சிரிக்கத் தொடங்கினான். அப்படியென்றால் நிலைமை சோகம்.

மீனம்மா அக்கா கொட்டிலிலிருந்து வந்து, சுத்தியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பொன்னையா, அடியில கொஞ்சம் தடிப்பாப் பூசி விடுங்க. நாலு வருசமா ஒங்க நடிப்பயே நாங்க பொறுத்துக்கிட்டுப் பாக்கலையா?”

யூலிற்றா அக்கா அகப்பையால் வாயை மூடிக்கொண்டா. பொன்னையா அண்ணை போய்ச் சைக்கிளில் ஏறினார். மத்தியானம் திரும்பி வந்தார். பூச்சுக் கரண்டியோடு.

25.05, ஞாயிறு

ஓடு போட்டாச்சு. கடைசி ஓட்டை வைத்துவிட்டுச் சிற்றம்பலம் கீழே பார்த்து ஒரு நீண்ட வசனம் பேச வேண்டும். பொன்னையா அண்ணையோ ஓட்டின் மேல் குந்தியிருந்து மூக்கைச் சிந்தினார். மயில்கூட அகவவில்லை. எடுத்துவிட்டேன். பின்னணிச் சிரிப்பும் இல்லை, இருமலும் இல்லை.

08.06, ஞாயிறு

கலியாணம். வீட்டுக்குள். ஓட்டுக்குக் கீழே.

சிவரூபிக்கு மேளச் சத்தத்தில் தலையிடி. தங்கராசா அண்ணை வருகிற ஒவ்வொருவரையும் வடக்குச் சுவருக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போய்த் தட்டிக் காட்டினார். அவர் இவ்வளவு கதைத்து நான் கண்டதில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா சேரைப் பிடித்து வைத்து, தான் நடிக்கத் தயார் என்று மூன்று தரம் சொன்னார். பொன்னையா அண்ணை சாப்பிடவில்லை. பந்தியிலிருந்து எழும்பிப் போய் யன்னல் ஓரத்தில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு தேய்த்துவிட்டு வந்தார்.

கமரா கொண்டு போகவில்லை. சும்மா போனேன். இரண்டு தரம் சாப்பிட்டேன்.

22.06, ஞாயிறு

நாடகத்தைத் தொடரச் சனல் ஓம் சொல்லிவிட்டது. தலைப்பு அதேதான். சேர் எழுதியிருக்கிற முதல் கதை: வீடு முடிந்ததைக் கேள்விப்பட்டு, சிற்றம்பலத்தின் சொந்தக்காரர் எல்லோரும் குடியிருக்க வந்துவிடுகிறார்கள். மீனம்மா அக்காதான் இனி வீட்டுக்காரி, நாடகத்திலும். வாடகைக்கும் சம்மதம். ஆனால் இன்றைக்கு எங்களை வாசல் படலையிலேயே மறித்தார்.

“இவ்வளவு நாளும் கதவு இல்லாத வாசல் வழியா வந்தீங்க, போனீங்க. இது இப்ப வீடு.”

அடுத்த ஞாயிற்றுக்கு முதல் செய்ய வேண்டியது:

1. கமரா ஸ்ராண்டின் மூன்று காலுக்கும் துணி சுற்றுவது. புது நிலத்தில் கீறு விழக் கூடாது.
2. எதிரொலி. கூரை வந்ததும் வீடு கிணறு மாதிரிக் கேட்கிறது. நாலு கம்பளி வாங்கித் தொங்கவிடுவது. ஆணி அடிப்பதென்றால் பொன்னையா அண்ணையைக் கேட்டுவிட்டு.
3. மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குப் போன் எடுக்காமல் இருப்பது.
4. எல்லோருக்கும் சொல்வது: செருப்பு வெளியே.
5. கதவைத் தட்டுவது. மீனம்மா அக்கா திறக்கும்வரை நிற்பது.