ரோமாபுரியில் அமலோற்பவத்தைத் தேடி

சேசு மரி சூசை

ரோமாபுரி,
8 ஜூலை 1945, ஞாயிறு.

அன்புள்ள அம்மாவின் பாதங்களுக்கு மகன் அடைக்கலசாமி எழுதிக்கொள்வது.

எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. இங்கே யுத்தம் முடிந்துவிட்டதால் இனி நீங்கள் பயந்துகொண்டிருக்க வேண்டாம். எங்கள் பட்டாளத்து லாரிக் கம்பெனியை ரோமாபுரிக்கு வெளியே ஒரு டிப்போவில் வைத்திருக்கிறார்கள். சாமான் ஏற்றுவதும் இறக்குவதும்தான் வேலை. ஜெயங்கொண்டம் லைனில் பஸ் ஓட்டியதைவிட இது சுலபம். நவம்பர் வாக்கில் கப்பல் கிடைக்கும் என்கிறார்கள்.

இதை உங்களுக்குப் படித்துக் காட்டும் சாந்தி மேரி டீச்சருக்கு என் தோத்திரம். டீச்சர், இனிமேல் வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அம்மா, தங்கச்சி அமலோற்பவத்தை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இங்கே வந்த முதல் ஞாயிறே, அவள் கன்னியாஸ்திரியாக இருந்த மடத்துக்கு, அப்பா எழுதிக் கொடுத்திருந்த விலாசத்தோடு போனேன். சரக்கு ரயில்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துப் பேட்டை அது. இரண்டு வருஷத்துக்கு முன் நம் தரப்பு விமானங்கள் போட்ட குண்டில் தெருத் தெருவாக விழுந்து கிடக்கிறது. மடம் இருந்த இடத்தில் ஒரு சுவரும் துணி துவைக்கும் தொட்டியும்தான் மிச்சம். அங்கே தர்ப்பூசணி விற்ற ஓர் அம்மாளிடம் எனக்குத் தெரிந்த பத்து வார்த்தையை வைத்துக் கேட்டேன். கன்னியரில் செத்தவர்களும் உண்டு, பிழைத்தவர்களும் உண்டு, பிழைத்தவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது என்றாள். இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. தங்கச்சி பிழைத்திருப்பாள் என்றே நான் நம்புகிறேன்.

அன்றிலிருந்து ஐந்து ஞாயிறாக மடம் மடமாக ஏறி இறங்குகிறேன். மற்றவர்கள் பாப்பரசரின் பெரிய கோவிலையும், மனிதர்களைச் சிங்கத்தோடு சண்டைக்கு விட்ட வட்டக் கட்டடத்தையும் பார்க்க லாரி போட்டுக்கொண்டு போகிறார்கள். என்னோடு வண்டி ஓட்டும் குன்னத்துக்காரன் பாலசுந்தரம், "ரோமுக்கு வந்துட்டு அதையெல்லாம் பாக்காம போனேன்னா ஊர்ல சிரிப்பாங்கப்பா" என்கிறான். நான் பார்ப்பதெல்லாம் அவர்கள் போகாத சந்துகள்.

ஒரு சந்துக்குள் நீரூற்று ஒன்று இருக்கிறது. நாலு வாலிபர்கள் சிலையாக நின்று, மேலே உள்ள தொட்டியில் தண்ணீர் குடிக்க ஆமைகளைக் கைதூக்கி விடுகிறார்கள். எதிரே இருந்த மடத்தின் கதவைத் திறந்த கிழவி, அமலோற்பவம் என்ற பேரைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுச் சாத்திக்கொண்டாள். ஆற்று நடுவே கப்பல் மாதிரி ஒரு தீவு. நம் கொள்ளிடத்து மணல் திட்டில் பாதிகூட இருக்காது. அதில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே போய் வருகிறவர்களில் நம் நிறத்து முகம் ஒன்று வராதா என்று பாலத்தில் நின்றபடி ஒரு பகல் முழுக்கப் பார்த்தேன்.

இன்னோரிடத்தில் ஒரு குன்று. மேலே புல் முளைத்து ஆடு மேய்கிறது. காலால் கிளறினால் உள்ளே முழுக்கப் பானை ஓடு. அந்தக் காலத்தில் கப்பலில் எண்ணெய் வந்த பானைகளை உடைத்துக் கொட்டிக் கொட்டியே மலையாகிவிட்டதாம். அதன் உச்சியில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றேன். சுற்றிலும் யாரும் இல்லை. உங்களைக் கூப்பிட்டு எத்தனை வருஷமாயிற்று என்று, "அம்மா" என்று ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தேன்.

போன வாரம் ஐரிஷ் சாமியார்கள் இருக்கும் ஒரு கோவிலுக்குப் போனேன். அந்தக் கோவிலுக்கு அடியில் இன்னொரு பழைய கோவில். அதற்கும் அடியில் இன்னும் பழைய கட்டடம். அங்கே இறங்கி நின்றால் கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. கூட்டிப்போன சாமியாரிடம் இங்கிலீஷில் எல்லாம் சொன்னேன். மடத்தில் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்குப் புதுப் பேர் வைப்பார்கள், வீட்டுப் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது என்றார். அந்தப் பேர் எனக்குத் தெரியவில்லை. அப்பா பெட்டியில் அவளுடைய பழைய கடிதங்கள் இருக்கும். டீச்சரைப் பார்க்கச் சொல்லி உடனே எழுதுங்கள்.

உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்
மகன் அடைக்கலசாமி


வரதராஜன்பேட்டை,
6 ஆகஸ்ட் 1945.

மகன் அடைக்கலசாமிக்கு அம்மா சவேரியம்மாளோட ஆசீர்வாதம். நான் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதுறாங்க. திருத்தாம அப்படியே எழுதுங்கன்னு சொல்லிட்டேன்.

உன் கடுதாசிய தபால்காரர் மாயவன் கொண்டாந்து குடுத்தாரு. மடம் இடிஞ்ச சங்கதி வந்ததும் டீச்சர் நிறுத்திட்டாங்க. படிங்கம்மான்னேன். அவ இருக்கா. பெத்தவளுக்குத் தெரியும்.

உங்கப்பா பொட்டியில கரையான் ஏறி கடுதாசியெல்லாம் மண்ணா போச்சு. அவளோட போட்டோ மட்டும் கண்ணாடி போட்டு செவுத்துல மாட்டினதால தப்பிச்சுது. பின்னாடி அட்டைய பிரிச்சுப் பாத்தா, சிஸ்டர் மரிய லூசியான்னு எழுதியிருக்காம். நான் பேரு வச்ச புள்ளைக்கு வேற பேரு வக்க இவங்க யாரு? உங்கப்பா செத்தது அவளுக்குத் தெரியுமா? நாலு வருசமா அந்த ஊருக்குத் தபாலே கெடயாதுன்னாங்க. நீயே பக்குவமா சொல்லு.

இங்க மழ சரியில்ல. முந்திரி பூவோட கருகிப்போச்சு. துணிக்கு கார்டு போட்டிருக்காங்க, அரிசிக்கும் கார்டு. நான் ஒருத்திதானே, எனக்கு எதுவும் குறையல.

ஒண்ணு சொல்றேன், இத யாருகிட்டயும் சொன்னதில்ல. அவள அனுப்பின அன்னிக்கு நான் அரியலூர் ஸ்டேஷனுக்கு வரல. அடுப்படியில முக்காடு போட்டு படுத்துக்கிட்டேன். வாசல்ல நின்னு ரெண்டு தடவ கூப்புட்டா. எந்திரிக்கல. எனக்குக் கோவம் உங்கப்பா மேல. சர்வேசுரனுக்குக் குடுத்த பொண்ணுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம முடிவு பண்ணிட்டாரு. அம்மாவுக்கு எம்மேல கோவம்னு நெனச்சுக்கிட்டே அவ ரயில் ஏறியிருப்பா.

அவள கையோட கூட்டிட்டு வா. மடத்துத் தாய்மாரு கோவிச்சா கோவிச்சுக்கட்டும். பின்கட்டு அறைய வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்.

அந்த ஓட்டாஞ்சில்லு மலைய டீச்சர ரெண்டு தரம் படிக்கச் சொன்னேன். எத்தன வூட்டுப் பானை ஒடஞ்சா ஒரு மலை ஆகும்! அங்க ஒக்காந்து என்னைய கூப்புடாத சாமி. மனசு தாங்கல.

இப்படிக்கு
அம்மா
(கீழே இருப்பது அம்மாவின் கைநாட்டு. – சாந்தி மேரி)


சேசு மரி சூசை

ரோமாபுரி,
9 செப்டம்பர் 1945, ஞாயிறு.

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கச்சி உயிரோடு இருக்கிறாள். அவள் குரலைக் கேட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய பேரை ஐரிஷ் சாமியார் பிஷப் மேற்றிராணியார் ஆபீசில் விசாரித்தார். குண்டு விழுந்தபின் மரிய லூசியா என்ற இந்தியக் கன்னி வேறொரு சபைக்குப் போக உத்தரவு கேட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மடம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது. அது அடைப்பு மடம். உள்ளே போனவர்கள் சாகும்வரை வெளியே வருவதில்லை. செபமும் பாட்டும் தவிரப் பேச்சும் கிடையாது. அப்பா இறந்த செய்தியைச் சொல்ல வேண்டும் என்று சாமியார் மன்றாடி, எனக்கு அரைமணி நேரம் வாங்கிக் கொடுத்தார்.

மேட்டுத் தெரு ஒன்றில் பேர்ப்பலகை இல்லாத மஞ்சள் சுவர், ஒரு மணிக்கயிறு. அவ்வளவுதான். இந்த மூன்று மாதத்தில் அந்தச் சுவரை உரசிக்கொண்டு நான் மூன்று தரமாவது நடந்திருக்கிறேன். உள்ளே சுவரில் பீப்பாய் போல ஒரு சுழல்பெட்டி. ரொட்டி, காய்கறி எதையும் அதில் வைத்துச் சுற்றினால் அந்தப் பக்கம் போகும். கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் முகம் தெரியாது. பக்கத்து அறையில் இரும்புக் கம்பி, அதன் பின்னால் கறுப்புத் திரை. அதன் முன் என்னை உட்காரவைத்தார்கள்.

திரைக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. இத்தாலி பாஷையில் ஏதோ சொன்னாள். நான் "அமலோற்பவம்" என்றேன். நாற்காலி இன்னும் கொஞ்சம் திரைக்குக் கிட்டே வந்தது. பிறகு "அண்ணே" என்றாள்.

அவளுக்குத் தமிழ் தடுக்குகிறது அம்மா. ஒவ்வொரு வார்த்தையையும் எங்கோ போய் எடுத்துக்கொண்டு வருவதுபோல் பேசினாள். "நம்ம கொல்லையில இருக்குமே, பழம் செவப்பா, கொட்டை வெளிய தொங்கும், அதெல்லாம் நல்லா இருக்கா?" என்றாள். முந்திரி என்றேன். "முந்திரி, முந்திரி" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அப்பா போனதைச் சொன்னேன். செபமாலை மணி உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டேன். பழைய மடத்தில் அநாதைப் பிள்ளைகள் பதினோரு பேர் அவள் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள். "பால் வாங்கப் போனேன் அண்ணே. நிலவறையில இருங்க, வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனேன். வந்து பாத்தா வீடே இல்ல. நாலு நாள் கையால தோண்டினேன்" என்றாள். அதற்குப் பிறகு பார்க்கிறவர்களெல்லாம் நீ எப்படித் தப்பித்தாய் என்று கேட்டார்களாம். "இங்க யாரும் அத கேக்கறதில்ல" என்றாள்.

உங்கள் கடிதத்தைச் சுழல்பெட்டியில் வைத்து அனுப்பினேன். படித்து முடிக்க அவளுக்கு நேரமாயிற்று. ஓட்டாஞ்சில்லு மலைக்கு மட்டும் லேசாகச் சிரித்தாள். பிறகு, "அம்மா எம்மேல கோவமாதான் இருக்காங்கன்னு ஏழு வருஷமா நெனச்சிருந்தேன்" என்றாள். ஊருக்கு வந்துவிடு, அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள் என்று கெஞ்சினேன். "வர முடியாதுண்ணே. அந்தப் பதினோரு பேருக்கும் செபம் சொல்ல வேற யாரும் இல்ல. இங்கதான் எனக்குத் தூக்கம் வருது" என்றாள். மணி அடித்தது. நாற்காலி நகர்ந்தது.

அவர்கள் சொந்தமாக ஒரு காகிதம்கூட வைத்துக்கொள்ளக் கூடாதாம். உங்கள் கடிதம் சுழல்பெட்டியில் எனக்குத் திரும்பி வந்தது. தெருவுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். உங்கள் கைநாட்டு இருந்த மூலையை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி பார்க்கக் கிறிஸ்துமஸ் கழிய வேண்டும். அதற்குள் என் கப்பல் வந்துவிடும். மடத்தை ஒட்டிய சின்னக் கோவிலுக்கு மட்டும் ஞாயிறுதோறும் யாரும் போகலாம். உள்பக்கம் கம்பிக்குப் பின்னால் கன்னியர்கள் இருந்து பாடுவார்கள். இன்றைக்குப் போய் உட்கார்ந்தேன். எந்தக் குரல் அவளுடையது என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்னதைச் செய்ய முடியாமல் போனதற்கு என்னை மன்னியுங்கள்.

மகன் அடைக்கலசாமி


வரதராஜன்பேட்டை,
3 அக்டோபர் 1945.

மகன் அடைக்கலசாமிக்கு,

டீச்சர் மூணு தடவ படிச்சாங்க. மூணாவது தடவ அவங்களால முடியல. நான் போதும்னுட்டேன்.

மன்னிப்புன்னு எழுதாத. தங்கச்சி உசுரோட இருக்கான்னு எழுதின கை அது. மறுநா ஏலாக்குறிச்சிக்கு வண்டி கட்டிப் போயி மாதா காலடியில ஒக்காந்துட்டு வந்தேன். கூட்டிட்டு வாங்கன்னு கேக்கத்தான் போனேன். அங்க போனதும் கேக்கத் தோணல. அந்தப் பதினோரு புள்ளைங்களுக்கும் சேத்து மெழுகுவத்தி ஏத்தினேன். பேரு தெரியாததால எண்ணி எண்ணி வச்சேன்.

போன வாரம் மழ புடிச்சுக்கிச்சு. பின்கட்டு அறையில ஒழுகுது. நீ வந்து பாத்துக்கலாம்.

நம்ம வூட்டுல சாயந்தரம் செபமாலை இப்ப நான் ஒருத்திதான் சொல்றேன். மங்கள வார்த்தை செபத்துல முதப் பாதியும் நானே, பதில் பாதியும் நானே. உங்கப்பா இருந்தப்ப அவர் ஆரம்பிப்பாரு, நாம மூணு பேரும் பதில் சொல்லுவோம். அமலோற்பவத்துக் குரல்தான் கடைசியில முடியும்.

உங்கிட்ட ஒண்ணு கேக்குறேன். கப்பல் வர்ற வரைக்கும் இருக்கற ஞாயித்துக்கெழமையெல்லாம் அந்தச் சின்னக் கோயிலுக்குப் போ. கம்பிக்கு இந்தாண்ட முட்டி போட்டு, தமிழ்ல செபமாலை சொல்லு. வாய்க்குள்ள முணுமுணுக்காத. சத்தமா செபம் சொல்ல வெக்கப்படுவன்னு எனக்குத் தெரியும். வெள்ளக்காரங்க திரும்பிப் பாத்தா பாக்கட்டும்.

மாதா உங்க ரெண்டு பேருக்கும் துணையா இருப்பா.

முதப் பாதிய நீ சொல்லு. சொல்லிட்டு நிறுத்து. பதில் சத்தம் உன் காதுக்கு வராது. வரலன்னு அவசரமா அடுத்ததுக்குப் போயிடாத சாமி. அவளுக்குத் தமிழ் தடுக்குதுன்னு எழுதியிருக்க. அவ மெதுவா சொல்லி முடிக்கட்டும். அதுவரைக்கும் பொறுத்திருந்து, அப்புறமா அடுத்தத ஆரம்பி.

அம்மா