கஃபீலின் ரிவால்வர்

வெள்ளிக்கிழமை, ஃபஹாஹீல், குவைத்.

பழைய ரிவால்வர்களைக் கழற்றிப் பழுதுபார்ப்பது எனக்கு விசா தந்த முதலாளியான கஃபீலின் பொழுதுபோக்கு. இன்று ஒன்றைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் திட்டிக்கொண்டிருந்தார். அவருடைய டிரைவரான நான், கார்ச் சாவி எடுக்கப் போன இடத்தில் பேசாமல் வந்திருக்க வேண்டும். கை கேட்கவில்லை. அவர் போன் பேசி முடிப்பதற்குள் பூட்டி வைத்துவிட்டேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த சமையல்காரி செல்வி பார்த்துவிட்டாள்.

“அண்ணே, இத எங்க பழகுனீங்க?”

“யூடியூப்பில பாத்தனான்.”

அவள் நம்பவில்லை. யாழ்ப்பாணத்தில் நான் எந்த இயக்கத்தில் இருந்தேன் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது.

கஃபீலுக்கு ஒரே சந்தோஷம். நாளை தன் தம்பி வருவான், அவன் முன்னாலும் செய்து காட்டு என்றார். தம்பி பொலிஸ் அதிகாரி.

நாளை நான் தடுமாற வேண்டும். தடுமாறத்தான் இந்தக் கைக்குத் தெரியவில்லை.