லெம்பி வாங்கிய அம்புகள்

நெகானி,
அக்டோபர் 19, ஞாயிறு

அன்புள்ள ஆர்வோ,

இங்கே எல்லாரும் சுகம். கப்பலில் உனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? ஏரியில் கடல் மாதிரி அலை என்று ரேடியோவில் சொன்னதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. சவுனா நீராவிக் குளியலறையின் புகைக்கூண்டை நானே துடைத்துவிட்டேன். போன தடவை உன் கப்பல் மார்க்கெட் ஊர்த் துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றியபோது, அங்கிருந்து அரை மணி வழிதான், நீ வீட்டுக்கு வரவில்லை. சண்டை போட இதை எழுதவில்லை.

நேற்று உன் குறுக்குவில்லையும் அம்புகளையும் விற்கலாம் என்று டெல்பெர்ட்டின் வேட்டைச்சாமான் கடைக்குக் கொண்டுபோனேன். நீதான் இனி தொடமாட்டேன் என்றாயே. போன வருஷம் அந்த மான் அம்போடு ஓடிப்போய், நீ இரண்டு நாள் சதுப்புக்காட்டில் தவழ்ந்து தேடியும் கிடைக்கவில்லை. எங்கோ துடித்துச் செத்திருக்கும் என்று சாப்பிடாமல் கிடந்தாய். கை நடுங்கிவிட்டது, தோள் ஆபரேஷனோடு எல்லாம் போச்சு என்று ஊருக்கே சொன்னாய்.

டெல்பெர்ட் அம்பைத் தராசில் வைத்துவிட்டுச் சிரித்தான். “ஏன் லெம்பி, இது அம்பா, துடைப்பக்குச்சியா? எடையே இல்ல. வேகமாப் போகும், எலும்புல பட்டா அங்கயே நின்னுடும். உன் வீட்டுக்காரன்கிட்ட அப்பவே சொன்னேன். கனமானதை எடுத்துக் கையில வச்சுப் பாத்தான். அப்புறம், ‘வேணாம்ப்பா, லெம்பி ஆசையா வாங்கிக் குடுத்தது’ன்னு திருப்பி வச்சுட்டுப் போய்ட்டான்” என்றான்.

பெட்டியில் ‘அதிவேகம்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து உன் பிறந்தநாளுக்கு வாங்கியவள் நான். வண்டியில் உட்கார்ந்து அழுதேன். உன்மேல் கோபமும் வந்தது.

வில்லை விற்கவில்லை. கனமான அம்பு ஆறு வாங்கிவந்து, இன்று கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் கட்டைக் குறிவைத்து எய்தேன். முதல் அம்பு நாலு விரல் கீழே போனது. எடை கூடினால் அம்பு இறங்கும், குறிபார்க்கும் கண்ணாடியைத் திருத்த வேண்டும் என்று நீ சொன்னது ஞாபகம் வந்து திருத்தினேன். இப்போது நடுவில் தைக்கிறது. பிடுங்கத்தான் இரண்டு கையும் போதவில்லை.

வியாழக்கிழமை கப்பல் மறுபடி மார்க்கெட் துறைமுகத்துக்கு வருகிறதாம். துறை வாசலில் வண்டியோடு நிற்பேன்.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். உன் கைக்கு ஒன்றுமில்லை ஆர்வோ. எனக்கு மனசு நோகுமே என்று இனி எதையும் மறைக்காதே. நோகட்டும். நீ வீட்டுக்கு வா.

உன்
லெம்பி