சாயம் பூசிய சில்லை

அன்புள்ள அம்மா,

மலிகாவின் விரல்களில் பச்சைச் சாயம் ஒட்டியிருந்ததை முதலில் நான்தான் பார்த்தேன். நான் ஆயாவாக இருக்கும் ராயபுரம் காது கேளாதோர் பள்ளியில் படிப்பவள் அவள். நம் தம்பி சூசையைப் போல வாய் பேசாத பிள்ளை. நீங்களும் சூசையும் சுகமா? உங்கள் இருமல் நின்றதா? நான் நலம், பயப்பட ஒன்றுமில்லை.

பேசும் குருவி கொத்திய கொய்யாவைத் தின்றால் பேச்சு வரும் என்று, மலிகாவின் அம்மாவிடம் ஒரு பறவை வியாபாரி பச்சைச் சாயம் பூசிய சில்லைக் குருவியை விற்றிருக்கிறான். நம் ஊர்த் திருவிழாவில் உங்களிடம் விற்ற அதே ஆள். சாயம் ஒட்டிய அந்தப் பழத்தைத் தின்று சூசை ஆஸ்பத்திரியில் கிடந்ததை நான் மறக்கவில்லை.

பறவைச் சந்தைகளை ஆராயும் ஒரு பெண் எங்கள் டீச்சரிடம், "வாங்கினவங்களத் திட்டினா அடுத்த தடவை மறைச்சு வாங்குவாங்க. எதுக்கு வாங்கினாங்கன்னு கேளுங்க" என்றாராம். டீச்சரும் திட்டாமல் கேட்டார்.

"ஒரு தபா அம்மான்னு கூப்டா போதும்னுதான் வாங்கினேன்" என்று மலிகாவின் அம்மா அழுதார். இப்போது தினமும் பள்ளிக்கு வந்து, பிள்ளையின் கையைத் தன் தொண்டையில் வைத்து, அதிர்வை உணரவைத்துப் பேசிப் பழக்குகிறார்.

உங்களையும் நான் திட்ட மாட்டேன், அம்மா. ஆனால் விற்றவனை விடமாட்டேன். நேற்று அவன் கடை முன்னால் மலிகாவின் அம்மா தந்த அந்தக் குருவியைத் தண்ணீரில் கழுவிக் காட்டினேன். பச்சை கரைந்து ஓடியதும் கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்தது.

"இன்னாம்மே, என் பொயப்பக் கெடுக்க வந்துகீறியா?" என்று கத்தினான்.

"தெனமும் வருவேன்" என்றேன்.

உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். இரவில் போர்த்திக்கொள்ள வேண்டும். அவன் கடை திறக்கும் நேரமாகிவிட்டது. சாயம் போன குருவியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறேன்.

உங்கள் மகள்
பிலோமி