சனிக்கிழமை பிற்பகல் காலியாக இருக்கட்டும்

ரீகா, ஜூலை 6

அன்பு மகள் ஸானேவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை இல்வாவும் நல்லபடியாக இருக்கிறோம், அயர்லாந்து மழையில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். கையெழுத்து இல்வாவுடையது, சொல்வது நான். போன மாதம் பணிமனையில் டிராம் படியில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது, இருபத்தாறு வருஷம் டிராம் ஓட்டியவன் நின்ற வண்டியிலிருந்து விழுந்தான் என்று கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். இரண்டு வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்துவிடுவார்கள், நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

நீ இல்வாவுக்கு எழுதியதை அவள் படித்துக் காட்டினாள். நீ விரும்பும் அந்த அயர்லாந்துக்காரன் டெக்லனோடு வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள் வருகிறாய், ஓட்டலில் அறை எடுத்தாயிற்று, அவனுக்கு ஊரைக் காட்ட ஒரு திட்டம் மட்டும் போட்டுக் கொடு, வீட்டில் யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த ஊரை என்னைவிடத் தெரிந்தவன் யார், திட்டத்தை நானே போடுகிறேன் என்று உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை வந்ததும் பழைய நகரத்துக்கு ஓடாதீர்கள், கப்பலில் வந்த கூட்டம் நிற்கும். முதலில் சந்தைக்குப் போங்கள், மீன் கூடத்தில் புகையில் வாட்டிய விலாங்கு வாங்கிக் கொடு, பீட்ரூட் சூப்பின் நிறத்தைப் பார்த்து பயப்பட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடு. சனிக்கிழமை காலை சுவரெல்லாம் முகங்கள் செதுக்கிய அந்தத் தெரு, வெயில் ஏறுமுன் போனால்தான் முகங்கள் தெரியும். இல்வா நூலகத்திலிருந்து மூன்று புத்தகம் கொண்டுவந்து எந்த வீட்டை யார் எந்த வருஷம் கட்டினார் என்றெல்லாம் எழுதப் பார்த்தாள், "அவங்க பரீட்சை எழுதவா வர்றாங்க?" என்று நிறுத்தினேன், "தெரியாம பார்த்தா வெறும் சுவருதானேப்பா" என்றாள், சரி, நான்கு வீடுகளுக்கு மட்டும் எழுதிக்கொள் என்று விட்டுவிட்டேன். ஞாயிறு காலை பதினொன்றாம் எண் டிராமில் ஏறி பைன் காட்டுப் பூங்காவுக்குப் போய் ஏரியைப் பாருங்கள். ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் உட்காருங்கள். சின்ன வயதில் நீ அங்கே உட்கார்ந்துதான் நான் அடிக்கும் மணியை எண்ணிக்கொண்டு வருவாய்.

எண்ணிக்கை என்றதும் அந்தப் பூ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் என் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு டெக்லன் பன்னிரண்டு ரோஜா அனுப்பினான். இரட்டைப்படையில் பூவை நாம் கல்லறைக்குத்தான் கொண்டுபோவோம். உடனே உன்னைப் போனில் கூப்பிட்டு "நான் இன்னும் சாகலைன்னு அந்தப் பையன்கிட்ட சொல்லு" என்றேன், "அவனுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று நீ போனை வைத்தாய், அதோடு நாம் பேசவில்லை. அவர்கள் ஊரில் ஒரு டஜன் கொடுத்தால் மனசாரக் கொடுப்பது என்று அர்த்தமாம், இல்வா விசாரித்துச் சொன்னாள். நீ போனை வைத்த பிறகு நான் செய்தது உனக்குத் தெரியாது. ஒரு ரோஜாவை எடுத்துச் சமையலறை ஜன்னலில் தேநீர் கிளாசில் வைத்தேன், மேசையில் பதினொன்று இருந்தது. ஜன்னலில் வைத்த பூதான் கடைசியில் வாடியது. அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், வீம்பு விடவில்லை. தப்பு அவன் பூவில் இல்லை, என் வாயில்தான், அவனிடம் இதை அப்படியே சொல்.

நீங்கள் இங்கே இருக்கும் சனிக்கிழமை ஜூலை இருபத்தைந்து, நாள்காட்டியில் யேகப்ஸ் என்று என் பெயர் போட்டிருக்கும். இங்கே ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயர்க்காரருக்கு அது பிறந்தநாள் மாதிரி என்று டெக்லனுக்குச் சொல். பெயர்நாளுக்கு நாம் யாரையும் அழைப்பதில்லை, நினைப்பு இருப்பவர்கள் தாங்களாக வருவார்கள். "ஒரு தடவை வாய்விட்டு அழைச்சாத்தான் என்ன, கிரீடம் கீழ விழுந்துடுமா?" என்று அம்மா கேட்கிறாள். நான் அழைத்து நீ வந்தால் என் மரியாதைக்காக வந்ததாகிவிடும், எனக்கு அது வேண்டாம். ஆகவே அழைக்கவில்லை. அம்மா குங்குமப்பூவும் உலர்திராட்சையும் போட்டு அந்தப் பெரிய வளைவு ரொட்டியைச் சுடுவாள், மூன்று மணிக்குக் காபி வைப்பாள். மேல்வீட்டு வெல்டா முதல் ஆளாக வந்துவிடுவாள், போன வருஷம் வந்து "யேகப்ஸ், உங்க வீட்டு ரொட்டி வருஷா வருஷம் பெரிசாகுது, ஆளுதான் குறையுது" என்று சொல்லிவிட்டு இரண்டு துண்டு தின்றாள்.

மழைச்சட்டை எடுத்துவர மறக்காதே, ஜூலை என்று நம்பாதே. கடவுள் உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீ எங்கே தங்கினாலும் நன்றாகத் தூங்கு.

இடது கையால் கோணலாகக் கையெழுத்திடும்
உன் அப்பா யேகப்ஸ்

அக்கா, இது இல்வா, என் சொந்த வார்த்தைகள். திட்டத்தைத் தனித்தாளில் அழகாக எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பிற்பகலுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன், "காலியா விடு" என்றார். உறையை ஒட்டப்போகும்போது திரும்பக் கூப்பிட்டு, டெக்லனின் கால் அளவு என்ன என்று உன்னிடம் கேட்கச் சொன்னார், விருந்தாளிகள் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள வைத்திருக்கும் செருப்பெல்லாம் சின்னதாக இருக்கிறதாம். அழைக்கவே இல்லையே, எதற்குச் செருப்பு என்று கேட்டேன். "யாரு வருவாங்கன்னு யாருக்குத் தெரியும், நீ எழுது" என்றார்.