மேசை தட்டி நிறைவேறிய கட்டட நிதி

ஜூலை 9

காலையில் ஆய்வகத்தில் மறுபடியும் அதே கூத்து. புகை வெளியேற்றும் விசிறி ஓடவில்லை. அமில நெடி தாங்காமல் ஆளாளுக்கு ஜன்னலோரம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். அமிலம் அளக்கும் பியூரெட் குழாய் ஒழுகுகிறது என்றால், ஒழுகுவதையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்கிறார் ஆய்வக உதவியாளர். நல்ல விஞ்ஞானம்!

மதியம் பல்கலைக்கழக ஆட்சிக்குழுக் கூட்டம். எனக்கு இதுதான் முதல் கூட்டம். மாணவர் பிரதிநிதி இடத்துக்கு வேறு யாரும் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. அறைத்தோழி கொசுதான் எனக்குத் தெரியாமல் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். (ஆள் ஒல்லி, வாய் ஓயாது, அதனால் கொசு.) "எப்படியும் எல்லார்கூடயும் சண்டைக்குப் போவே. ஒரு பதவியோட போயேன்" என்றாள்.

குளிர்சாதன அறை, நீள மேசை, சுற்றிலும் பெரிய மனிதர்கள். துணைவேந்தர் ஒரு துணியை விலக்கினார். புதுக் கட்டடத்தின் மாதிரி. ஏழு மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி, வாசலில் கட்டைவிரல் உயரத்துக்குப் பிளாஸ்டிக் மரங்கள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அவர் விதி எண், உட்பிரிவு என்று ஏதோ வாசித்தார். நான் மாதிரிக்குள் ஆய்வகம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். எல்லாரும் உள்ளங்கையால் மேசையைத் தட்டினார்கள். மாதிரி செய்த ஆளைப் பாராட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று நானும் தட்டினேன். நன்றாகவே தட்டினேன். அப்புறம் தேநீர் வந்தது.

ஜூலை 11

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். "கட்டட நிதி. இந்த ஆண்டு முதல் ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்குப் பத்தாயிரம். மாணவர் பிரதிநிதி உட்பட அனைவராலும் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது."

உட்பட! அந்த அறையில் மேசையைத் தட்டுவதுதான் வாக்களிப்பது. கை தூக்குவது கிடையாது, எண்ணுவது கிடையாது. தட்டினால் சம்மதம். அது அவர்கள் வழக்கம். எனக்கு எவன் சொன்னான்? பாராட்டுகிறேன் என்று நினைத்து எங்கள் எல்லார் கழுத்திலும் கத்தி வைத்திருக்கிறேன்.

கொசுவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பட்டென்று சிரிப்பு நின்றது. அவள் சாயங்காலம் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். பத்தாயிரம் அவளுக்கு மூன்று மாதச் சம்பளம். அதில்தான் விடுதிக்கும் கட்டுகிறாள், வீட்டுக்கும் அனுப்புகிறாள்.

"என்னால முடியாதுடி. நான் நின்னுடறேன்" என்றாள்.

இறுதியாண்டு. இன்னும் பத்து மாதம்தான். நிற்கப் போகிறாளாம்.

ஜூலை 12

எங்கள் அறைக் கதவில் யாரோ சாக்பீஸால் எழுதியிருக்கிறார்கள்: மேசைதட்டி. அழிக்கப் போவதில்லை. இருக்கட்டும்.

ஜூலை 15

துறைத்தலைவர் மேடத்திடம் போய் அழாத குறையாகக் கேட்டேன். அவரும் ஆட்சிக்குழுவில் இருக்கிறார், அவரும் தட்டியவர்தான். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அடுத்த கூட்டத்துல, போன கூட்டத்து நடவடிக்கையை முதல்ல வாசிப்பாங்க. அப்ப எழுந்து மறுத்தா, அந்த விஷயத்தைத் திரும்ப எடுத்தாகணும். வாய்விட்டு ஓட்டுச் சொல்லச் சொல்லியும் கேட்கலாம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாதே."

அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஊர் வம்பையெல்லாம் ஏன் மடியில கட்டிக்கறே? ராஜினாமா பண்ணிட்டுப் படிக்கற வேலையைப் பாரு" என்றாள். மாட்டேன். நான் செய்த வேலையை நான்தான் திருத்த வேண்டும்.

ஜூலை 22

வகுப்பு வகுப்பாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறேன். பொருளியல் வகுப்பில் நுழைந்ததும் அத்தனை பேரும் சேர்ந்து மேசையைத் தட்டினார்கள். வரவேற்பாம். காது வரை சூடேறியது. "தட்டி முடிச்சாச்சா? இப்ப கையெழுத்துப் போடுங்க" என்றேன். போட்டார்கள்.

எல்லாருக்கும் ஒரே கேள்விதான். கட்டி முடிக்க ஐந்து வருடம். நாங்கள் அப்போது எங்கே இருப்போமோ? அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டடம் வேண்டுமென்றால் அரசிடம் கேட்கட்டும். கேட்டார்களாம், கிடைக்கவில்லையாம். அரசிடம் கேட்கக் கூசுகிறது, ஜெராக்ஸ் கடையில் நிற்கிறவளிடம் கேட்கக் கூசவில்லை.

ஜூலை 30

நிதி அலுவலர் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"உன் கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஒண்ணு பண்ணலாம். இப்பப் படிக்கறவங்க யாருக்கும் வேண்டாம். அடுத்த வருஷம் புதுசா சேர்றவங்ககிட்ட மட்டும் வாங்கிக்கறோம். நீ மறுக்காம இருந்தா போதும்."

"அவங்களைக் கேட்டீங்களா சார்?"

"இன்னும் சேரவே இல்லையேம்மா, யாரைக் கேட்கறது?" என்று சிரித்தார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம், மாட்டேன் என்று. சொல்ல வரவில்லை. யோசிக்கிறேன் என்று வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் யோசிக்கத்தான் செய்கிறேன். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். கொசு படிப்பை முடித்துவிடுவாள்.

ஜூலை 31

கொசுவிடம் சொன்னேன். முகம் அப்படி மலர்ந்தது. "அப்பாடா! சரின்னுட்டுதானே வந்தே?"

"இல்ல. ஒத்துக்கப் போறதும் இல்ல."

அவ்வளவுதான். வாளியை எட்டி உதைத்தாள். "நீ நல்லவள்னு பேர் வாங்க என் தலையா கிடைச்சுது? மொதல்ல தெரியாம தட்டி என்னைக் கெடுத்தே. இப்ப தெரிஞ்சே கெடுக்கறியா? வரப்போறவ யாரு? உன் தங்கச்சியா? மூஞ்சி தெரியுமா உனக்கு?"

தெரியாது. தெரியாதுதான். அந்த அறையில் மாணவருக்கென்று இருப்பது ஒரே நாற்காலி. அதில் உட்கார்ந்துகொண்டு, இல்லாதவர்கள் தலையில் கட்டிவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன், அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். நியாயம் அவள் பக்கம்தான் இருக்கிறது. என் பக்கமும் இருக்கிறதே, என்ன செய்ய?

ஆகஸ்ட் 3

பேசவில்லை. எனக்கும் சேர்த்துத் துணி துவைத்துப் போட்டிருக்கிறாள். ஆனால் பேசவில்லை.

ஆகஸ்ட் 6

இன்று கூட்டம். போன கூட்டத்து நடவடிக்கையை வாசித்து முடித்ததும் எழுந்தேன். "போன கூட்டத்துல நான் தட்டினது சம்மதம் இல்ல. எனக்கு இங்க வழக்கம் தெரியாது. இதை மறுபடி எடுக்கணும். தட்டாம, ஒவ்வொருத்தரும் வாயால சொல்லணும்" என்றேன்.

துணைவேந்தர் பதிவாளரைப் பார்த்தார், பதிவாளர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். விதி இருந்தது.

தட்டும்போது எத்தனை உற்சாகம்! வாயால் சொல்லும்போது ஒருவர் தொண்டையைச் செருமுகிறார், ஒருவர் கூரையைப் பார்க்கிறார். "ஆதரவு" என்ற ஒரு சொல்லை இத்தனை மெதுவாகச் சொல்ல முடியும் என்று இன்றுதான் கண்டேன். ஒருமனதாக என்று ஒட்டியிருந்தார்களே, ஏழு பேர் "எதிர்ப்பு" என்றார்கள். ஏழு பேர்! துறைத்தலைவர் மேடம் பேனாவைப் பார்த்தபடி "ஆதரவு" என்றார். நான்காம் மாடியில் அவருக்குப் புது ஆய்வகம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு ஓட்டில் தோற்றேன். இப்போது கட்டட நிதி எல்லாருக்கும். பழையவர்களுக்கும் புதியவர்களுக்கும். நிதி அலுவலர் வாசலில் நிறுத்திச் சொன்னார்: "கைக்கு வந்ததையும் கெடுத்துக்கிட்டியேம்மா."

வெளியே படிக்கட்டில் கூட்டம் காத்திருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது? நிதி அலுவலர் பேரம் பேசியதையும் சொன்னேன், நான் மறுத்ததையும் சொன்னேன், தோற்றதையும் சொன்னேன். ஒருவன் கத்தினான், "உன்னை யாரு மறுக்கச் சொன்னா?" இன்னொருவன் அசிங்கமாகத் திட்டினான். நான் நின்றேன். ஓடப் போவதில்லை என்று மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் கொசு ஏறி வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"இத்தனை நாளா என்னால கட்ட முடியாது, முடியாதுன்னு அழுதுக்கிட்டிருந்தேன். இனிமே அழப்போறதில்ல. முடிஞ்சாலும் கட்டமாட்டேன். பெட்டி நிறையப் பணம் இருந்தாலும் கட்டமாட்டேன். யாரு என்கூட வர்றீங்க?"

யாருமே கட்டாவிட்டால் எத்தனை பேரைத்தான் துரத்துவார்கள்? அந்தக் கேள்வி படிக்கட்டு முழுக்கப் பரவுவதைக் கண்ணால் பார்த்தேன். என்னைத் திட்டியவன்தான் முதலில் கை தூக்கினான்.

செப்டம்பர் 1

கட்டணம் கட்டக் கடைசி நாள். வழக்கமான கட்டணத்தை எல்லாரும் கட்டினோம், கட்டட நிதியை மட்டும் விட்டுவிட்டு. கட்டட நிதிக்கென்று திறந்த இரண்டாம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கெடுவை நீட்டித்தார்கள்.

செப்டம்பர் 20

மறுபடியும் நீட்டிப்பு. கூடவே மிரட்டல்: ரசீது இல்லாதவர் தேர்வு எழுத முடியாது. வீடுகளுக்கெல்லாம் கடிதம் போயிருக்கிறது. அம்மா போனில் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "எல்லாப் பிள்ளைங்களும் கட்டலையா? நிஜமாவா?" என்றாள். நிஜமாக என்றேன். "அப்ப நீ மட்டும் கட்டிடாதே, அசிங்கம்" என்றாள். என் அம்மாதானா பேசியது?

சிலர் கட்டிவிட்டார்கள். அவர்களைத் திட்டக் கூடாது என்று கொசு எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். "அவங்க வீட்ல என்ன நிலமையோ" என்கிறாள்.

நவம்பர் 4

முதல் தேர்வு. வாசலில் துறைத்தலைவர் மேடம்.

"ரசீது?"

"இல்ல மேடம்."

எனக்குப் பின்னால் வரிசை தெரு வரைக்கும் நின்றது. முக்கால்வாசிப் பேரிடம் அந்த ரசீது கிடையாது. எட்டிப் பார்த்தார். "உள்ளே போ. விசிறிக்குக் கீழ உட்காராதே, தாள் பறக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஜனவரி 28

தேர்வு எழுத விட்டார்கள், முடிவைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். எங்கள் அத்தனை பேருடையதையும். கொசுவுக்கு ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை நிச்சயமாகியிருந்தது. இந்த மாதம் இருபத்தைந்துக்குள் மதிப்பெண் பட்டியல் கேட்டார்கள். இன்று வேறு ஆளை எடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அன்றைக்குத் தலையை ஆட்டியிருந்தால் படிப்பு முடிந்ததும் அந்த வேலை அவளுக்கு இருந்திருக்கும். என்னால்தானே, என்னால்தானே என்று எத்தனை தடவை சொன்னேனோ.

"சும்மா இரு சனியனே. உனக்காகவா கட்டாம இருந்தேன்? எனக்காக இருந்தேன்" என்று அதட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.

மார்ச் 2

"கட்டட நிதி வசூல் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுகிறது. தேர்வு முடிவுகள் நாளை வெளியிடப்படும்." தற்காலிகமாம். விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத மாதிரி எழுதத்தான் படித்திருக்கிறார்கள். விடுதியே கிடுகிடுத்தது. கொசு மட்டும் அறிவிப்பின் மேலே இருந்த தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் அந்த வேலை போயிருக்காது.

ஜூன் 18

சான்றிதழ் வாங்க நானும் கொசுவும் போனோம். அவளுக்கு இன்னும் வேலை அமையவில்லை, அதே ஜெராக்ஸ் கடைதான். எனக்கு ஒரு பள்ளியில் கிடைத்திருக்கிறது.

புதிதாகச் சேர வந்தவர்களின் வரிசை. வெயிலில் ஒரு பெண் அப்பாவோடு நின்றாள். கட்டண விவரத்தாளைக் கையில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டு அவருக்கு வாசித்துக் காட்டினாள். சேர்க்கை, நூலகம், ஆய்வகம், தேர்வு. முடிந்தது. "அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார் அவர். "இல்லப்பா, அவ்வளவுதான்." அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

அவளுக்கு ஒன்றுமே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இருந்தாலும் போய்ச் சொல்ல வேண்டும்போல அப்படி ஒரு தவிப்பு எனக்கு. ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

கொசு என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நாங்கள் நிற்பதைப் பார்த்தாளோ என்னவோ, அந்தப் பெண் திரும்பி, "அக்கா, பணம் கட்ட இந்த வரிசைதானே?" என்றாள்.

"இதேதான்மா" என்றாள் கொசு. "அப்பாவை நிழல்ல உட்கார வை. மெதுவா நகரும்."