சுவருக்கு மேலே போன கம்பி

இன்று காலையில் என் ரேடியோவின் ஏரியல் கம்பி அறுந்து என் முற்றத்தில் விழுந்தது, அண்ணாச்சி. நாலு வருஷ வெயிலிலும் மழையிலும் அந்தச் செம்புக் கம்பி பச்சை பூத்துக் கிடக்கிறது. நுனியில் நீங்கள் கட்டிய பீங்கான் குமிழ் தரையில் பட்டு இரண்டாகப் பிளந்துவிட்டது. தானாக அறுந்ததல்ல. மலாயாவிலிருந்து வந்து பதினைந்து நாள்கூட ஆகாத உங்கள் மகன் ஞானமுத்து, கையில் குறடோடு உங்கள் ஓட்டின்மேல் நின்றான்.

“சித்தப்பா, இது எதுக்கு எங்க ஓட்டுல கெடக்கு? ஓடு மாத்தப் போறோம்.”

அறுத்த பிறகு கேட்கிறான். உங்கள் ரத்தம் அல்லவா? உள்ளே போனேன். உட்கார முடியவில்லை. மறுபடி முற்றத்துக்கு வந்து கம்பியைச் சுருட்டினேன், சுருட்டியதை அவிழ்த்தேன், திரும்பவும் சுருட்டினேன். பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. வக்கீல் மூலமாக நோட்டீஸ்தான் அனுப்பினேன்.

அண்ணன் தம்பியான உங்கள் அப்பாவும் என் அப்பாவும் சேர்ந்து கட்டிய வீட்டின் நடுவே நாம் சுவர் எழுப்பினோம். கிணறு உங்கள் பக்கம் போயிற்று. திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் கிணறு போனால் என்ன மிஞ்சும் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்துக்கொண்டீர்கள். என் வீட்டுக்காரி ஊருணிக்கு நடந்து நடந்து இடுப்பொடிந்தாள். அது அநியாயம். நீங்கள் கல்லறைக்குள் போய்விட்டதால் அது நியாயமாகிவிடாது.

மதுரைப் பள்ளிக்கூடத்தில் என்னைவிட இளையவனைத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தபோது, ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன். வந்ததும் வாங்கியது அந்த பாட்டரி ரேடியோ. அதைப் பூட்ட மதுரையிலிருந்து வந்த ஆள் முற்றத்தைக் காலால் அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“ஏரியலுக்கு நீளம் வேணும் சார். ஒங்க வீடு பாதிதான இருக்கு?”

“பாதிதான் என் பங்கு.”

“அப்பப் பாதிப் பாட்டுதான் கேக்கும்.”

அடுத்து, எர்த் கம்பி புதைக்க மண்ணைக் கீறினான். கடப்பாரை ‘ணங்’ என்றது. “இது மண்ணா, வறுத்த கடலையா? ஈரமுள்ள எடமாக் காட்டுங்க சார். ஈரம் இல்லைன்னா பெட்டி இரைஞ்சுக்கிட்டேதான் இருக்கும்” என்றான். நம் வளவில் ஈரமுள்ள இடம் உங்கள் கிணற்றடி ஒன்றுதான்.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் நின்றபோது உங்கள் வீட்டிலிருந்து மதினி வந்தார்கள்.

“தம்பி, அவுக சொல்றாக, கம்பிய எங்க ஓட்டுல கட்டிக்கிடலாமாம். கெணத்தடியில குழியும் அவுகளே வெட்டித் தாரேங்கிறாக.”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் குரல் வந்தது. “கெணறு எம்பங்குதான்னு சொல்லு. அதுல மாத்தமில்ல.”

“நான் கெணத்தைக் கேக்கலைன்னு சொல்லுங்க மதினி” என்றேன் நான்.

மதினி இரண்டு பக்கமும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். “நடுவுல நான் ஒருத்தி எதுக்கு? ரெண்டு பேருக்கும்தான் நல்லாக் காது கேக்குதே!”

காரணத்தை நீங்கள் சொல்லவில்லை. ஞானமுத்து மலாயாத் தோட்டத்தில் கணக்கெழுதப் போயிருந்தான். ஜப்பான்காரன் அங்கே நுழைந்த பிறகு கடிதம் நின்றுபோயிற்று. அங்கே மாட்டிக்கொண்ட நம் ஆட்கள் ஊருக்குச் சொல்லும் சேதியை அந்தப் பக்கத்து ரேடியோவில் தமிழில் வாசிக்கிறார்களாம் என்று காரியாபட்டிச் சந்தையில் யாரோ உங்களிடம் சொல்லியிருந்தார்கள். என் பெட்டி உங்களுக்கு அதற்குத்தான் வேண்டியிருந்தது. எனக்கு அது அன்றே தெரியும்.

ரேடியோக்காரனை உங்கள் ஓட்டில் கால் வைக்க விடவில்லை. நீங்களே ஏறிக் கட்டினீர்கள். எர்த் கம்பி நுழையச் சுவரில் ஒரு செங்கலை நீங்களே பெயர்த்தீர்கள். ஆனால் ஒரு நாளும் என் வாசலுக்கு வரவில்லை. பொழுது சாய்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலை இழுத்துப் போடுவீர்கள். ஒரு வாளி இறைத்து, எர்த் கம்பி புதைத்த குழியில் ஊற்றுவீர்கள். தண்ணீர் இறங்க இறங்க இரைச்சல் அடங்கி, மனிதக் குரல் மேலே வரும். ஒரு தரம் இருமினால் சத்தம் போதவில்லை என்று அர்த்தம். இரண்டு தரம் இருமினால் குறைக்க வேண்டும். இப்படி யாரும் பேசி வைக்கவில்லை, தானாக அமைந்துவிட்டது.

எதிரி ரேடியோ கேட்கிறேனா என்று கிராம முன்சீப் உங்களிடம் வந்து விசாரித்ததையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என்மேல் இரண்டு வழக்குப் போட்டிருந்த நீங்கள், “அவன் கச்சேரில்ல கேக்கான்! விடிய விடிய ஆலாபனை. காது புளிச்சுப் போச்சுய்யா” என்றீர்கள்.

அந்தக் கோடையில் உங்கள் கிணறே வற்றும் நிலைக்கு வந்துவிட்டது. வாளி பாறையில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்கும். உங்கள் மாட்டுக்குத் தொட்டி காய்ந்து கிடந்த நாளிலும் குழிக்குத் தண்ணீர் விழுந்தது.

பிறகு ஒரு சாயங்காலம், பெயர்ப் பட்டியலின் நடுவே, திருச்சுழிப் பக்கம் என்று நம் ஊர்ப்பெயர் வந்தது. ஞானமுத்து, சுகமாக இருப்பதாகத் தகப்பனாருக்குத் தெரிவிக்கிறான். அவ்வளவுதான். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

“ஏலே, கேட்டியா?” என்றீர்கள். சுவர் எழுப்பிய பின் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

“கேட்டேன் அண்ணாச்சி.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நீங்கள் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நானும்தான். ஆனால் பெயர் வந்த பிறகும் நீங்கள் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. இன்னொரு தரம் வரும் என்று மூன்று வருஷம் கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். வரவில்லை. ஜப்பான் சண்டை முடிந்து கப்பல் ஓடும்வரை நீங்களும் இருக்கவில்லை.

இவ்வளவு எழுதியபோது சுவருக்கு அந்தப் பக்கம் மதினியின் சத்தம். “ஏலே பாவி, எதுல கை வச்ச? அதுலதாம்ல ஓம்பேரு வந்துச்சு! ஒங்க அப்பா குடிக்கிற தண்ணிய ஊத்திக் கேட்டாகலே!”

கொஞ்ச நேரத்தில் ஞானமுத்து என் வாசலில் வந்து நின்றான்.

“தெரியாமப் போச்சு சித்தப்பா. திருப்பிக் கட்டிருதேன்.” சுவரைப் பார்த்தான். “இதுவும் இனி எதுக்கு? இடிச்சிட்டா கெணறும் பொதுவாப் போகும்.”

இத்தனை வருஷம் கோர்ட்டில் நான் கேட்டது அதைத்தான். வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. கொடுக்க வேண்டியவர் நீங்கள், அவனல்ல.

“கம்பியைக் கட்டு. சுவர்ல கை வைக்காத” என்றேன்.

கிறுக்கன் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். புதுக் குமிழ் வாங்கி வந்து கட்டிவிட்டுப் போனான். சாயங்காலம் ரேடியோவைப் போட்டேன். ஒரே இரைச்சல். நீங்கள் போன பிறகு குழிக்கு ஊற்றிவந்தவர்கள் மதினி போலிருக்கிறது. இன்று மகன்மேல் இருந்த கோபத்தில் மறந்துவிட்டார்கள். பொறுக்க முடியாமல் எழுந்தேன். சுவர் எழுப்பிய பின் முதல் முறையாக உங்கள் கிணற்றடிக்குப் போனேன். ஒரு வாளி இறைத்துக் குழியில் ஊற்றினேன். என் வீட்டுக்கு ஒரு சொட்டு எடுத்து வரவில்லை.

திரும்பி வந்தபோது குரல் தெளிந்திருந்தது. பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். யாரும் இருமவில்லை. நானாகவே சத்தத்தைக் கூட்டினேன்.